பத்தாம் வகுப்பில் முதலிடம்... ஒன்றாம் வகுப்பில் காலியிடம்!

சிற்றூர் அரசுப் பள்ளிகள் குழந்தைகளை எந்த வயதில் இழக்கின்றன?

மே மாதம் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியானதும், பலரும் முதலில் தேடுவது மாவட்டவாரிப் பட்டியலைத்தான். சமீப ஆண்டுகளில் அந்தப் பட்டியலின் உச்சியில் சென்னை இல்லை. 2023-ம் ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வில் பெரம்பலூர் 97.67 சதவிகிதத் தேர்ச்சியுடன் முதலிடம் பிடித்தது. 2024-ல் அரியலூர், 97.31 சதவிகிதம். 2025-ல் சிவகங்கை, 98.31 சதவிகிதம். அதே 2025-ல் பன்னிரண்டாம் வகுப்பிலும் அரியலூர்தான் முதலிடம், 98.82 சதவிகிதம். மூன்றுமே வானம் பார்த்த பூமி அதிகமுள்ள மாவட்டங்கள். பெரிய கோச்சிங் சென்டர்களுக்கோ, சர்வதேசப் பள்ளிகளுக்கோ பெயர்போனவை அல்ல.

அரசுப் பள்ளிகளின் கணக்கைத் தனியாக எடுத்தாலும் முன்னேற்றம் தெரிகிறது. பத்தாம் வகுப்பில் 2024-ல் 87.90 சதவிகிதமாக இருந்த அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி, 2025-ல் 91.26 சதவிகிதமாக உயர்ந்தது.

இது மே மாதத்துச் செய்தி. ஜூன் மாதத்துச் செய்தி வேறு மாதிரி இருக்கிறது. பள்ளி திறந்ததும் ஆசிரியர்கள் துண்டுப் பிரசுரத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். ஆட்டோவில் மைக் கட்டி, ‘உங்கள் குழந்தையை அரசுப் பள்ளியில் சேர்ப்பீர்’ என்று அறிவிக்கிறார்கள். புதிதாகச் சேரும் குழந்தைக்கு மாலை போட்டு, கிரீடம் வைத்து, மேளதாளத்துடன் அழைத்து வருகிறார்கள். இத்தனைக்குப் பிறகும் பல ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை ஒற்றை இலக்கத்தைத் தாண்டுவதில்லை. 2025 ஆகஸ்ட்டில், ஒரு மாணவர்கூட இல்லாததால் தமிழகத்தில் 207 அரசுப் பள்ளிகள் மூடப்பட்டிருப்பதாக வெளியான செய்தி பெரும் விவாதத்தைக் கிளப்பியது.

நல்ல ரிசல்ட் காட்டினால் கூட்டம் தானாக வரும் என்பது பொதுவான நம்பிக்கை. பத்தாம் வகுப்பில் ரிசல்ட் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் ஏன் குழந்தைகள் இல்லை?

மூன்றரை வயதில் எடுக்கும் முடிவு

தமிழகத்தில் ஏறக்குறைய 490 பேரூராட்சிகள் இருக்கின்றன. ஒரு பஸ் ஸ்டாண்டு, ஒரு வாரச்சந்தை, ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி, சுற்றிலும் கிராமங்கள் என்பதுதான் இவற்றில் பலவற்றின் அமைப்பு. பைபாஸ் ரோட்டு ஓரமாக ஒரு மெட்ரிக் பள்ளியோ, நர்சரி பள்ளியோ இருக்கும். காலை எட்டு மணிக்கு முன்பே அதன் மஞ்சள் வேன்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குள் போய்விடும்.

அந்த வேனில் ஏறும் குழந்தைகளில் பலருக்கு வயது மூன்றரை, நான்கு. எல்.கே.ஜி. அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர, ஜூலை 31-ம் தேதியன்று 5 வயது நிறைந்திருக்க வேண்டும். அதாவது, அரசுப் பள்ளி ஆசிரியர் கதவைத் தட்டுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பெற்றோர் முடிவெடுத்துவிடுகிறார்கள். யூனிஃபார்ம், ஷூ, டை எல்லாம் வாங்கி, இரண்டு வருடக் கட்டணமும் கட்டி, அங்கேயே நண்பர்களையும் பிடித்துக்கொண்ட குழந்தையை ஐந்து வயதில் வேறு பள்ளிக்கு மாற்ற யாருக்கும் எளிதில் மனம் வராது.

அங்கன்வாடி இருக்கிறதே என்று கேட்கலாம். மாநிலம் முழுக்க 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. உணவு, முட்டை, எடை பார்த்தல், தடுப்பூசிக்கு உதவி என்று அங்கே நடக்கும் வேலை சாதாரணமானது அல்ல. முன்பருவக் கல்விக்கென ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டமும் உண்டு. ஆனால், பதிவேடு, சமையல், கர்ப்பிணிகளுக்கான பணி என அத்தனையையும் கவனிக்கும் ஓர் அங்கன்வாடிப் பணியாளர், வகுப்பும் எடுக்க வேண்டியிருக்கிறது. பல பெற்றோரின் மனதில் அங்கன்வாடி என்றால் சாப்பாடு; எல்.கே.ஜி என்றால் படிப்பு. இந்தப் பிம்பம்தான் முதல் வேனை ஊருக்குள் அழைத்து வருகிறது.

அரசே எல்.கே.ஜி தொடங்கியபோது...

இந்த இடைவெளி அரசுக்குத் தெரியாதது அல்ல. 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி, யு.கே.ஜி வகுப்புகள் தொடங்கப்பட்டன. உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள். பெற்றோருக்குக் கட்டணமில்லை, படித்து முடித்த குழந்தை அதே வளாகத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் போகலாம்.

2022-ல் தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியர் தேவை இருப்பதாகச் சொல்லி, அந்த ஆசிரியர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டு வகுப்புகளை அங்கன்வாடியிடமே ஒப்படைக்க முடிவானது. எதிர்ப்பு கிளம்பியது. சில நாள்களிலேயே அந்த முடிவு கைவிடப்பட்டு, மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களை வைத்து வகுப்புகள் தொடரும் என்று அறிவிக்கப்பட்டது.

வகுப்புகள் தப்பித்தன. ஆனால், தமிழகத்தில் அரசுப் பள்ளிகளின் எண்ணிக்கை சுமார் 37,000. அதில் 2,381 என்பது பதினைந்தில் ஒன்றைவிடச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். மீதி ஊர்களில் மூன்றரை வயதுக் குழந்தையின் பெற்றோருக்கு, ‘எங்களிடமும் எல்.கே.ஜி இருக்கிறது’ என்று சொல்ல அரசுப் பள்ளியால் முடியாது.

சலுகைகள் ஆறாம் வகுப்பிலிருந்துதான்!

சிற்றூர்களில் இன்னொரு போக்கும் இருக்கிறது. எல்.கே.ஜி முதல் ஐந்தாம் வகுப்பு வரை தனியார் பள்ளி. ஆறாம் வகுப்புக்கு டி.சி வாங்கிக்கொண்டு அரசுப் பள்ளி. இதற்குப் பின்னால் ஒரு தெளிவான கணக்கு இருக்கிறது.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளுக்கும் அது வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதே பொதுவான நிபந்தனை.

கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மாணவர்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ 2024 ஆகஸ்ட் 9-ல் தொடங்கியது. இவையும் 6-ம் வகுப்பிலிருந்து கணக்கிடப்படுபவையே.

ஆறாம் வகுப்பில் சேரக் காரணம் கிடைக்கிறது. இலவச பஸ் பாஸ் இருப்பதால், சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் பேரூராட்சியில் இருக்கும் மேல்நிலைப் பள்ளிக்கு அரசுப் பேருந்திலேயே வந்துவிடுகிறார்கள். அங்கே பாட வாரியாக ஆசிரியர்கள் இருக்கிறார்கள், லேப் இருக்கிறது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் உயர இதுவும் ஒரு காரணம். ஆனால், அந்த மேல்நிலைப் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் தொடக்கப் பள்ளிக்கு இந்தச் சலுகைகளால் ஒரு குழந்தைகூடக் கூடுவதில்லை.

அறுபதுக்கும் அறுபத்தொன்றுக்கும் நடுவே

தொடக்கப் பள்ளியில் இரண்டு குழந்தைகள் குறைந்தால் என்ன ஆகும்? பல நேரங்களில் ஓர் ஆசிரியரே போய்விடுவார்.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 1 முதல் 5 வரையிலான வகுப்புகளில் மொத்தம் 60 குழந்தைகள் வரை இருந்தால் 2 ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை 3 பேர். 91 முதல் 120 வரை 4 பேர். ஆகஸ்ட் 1-ம் தேதி நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையைக் கணக்கிட்டு, பணியாளர் நிர்ணயம் நடக்கும். கூடுதலாக இருப்பவர் ‘உபரி’ என்று கணக்காகி, பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போவார்.

ஒரு பள்ளியில் 62 குழந்தைகள், 3 ஆசிரியர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே தெருவிலிருந்து இரண்டு குழந்தைகள் வேனில் ஏறிவிட்டால் எண்ணிக்கை 60. அடுத்த நிர்ணயத்தில் மூன்றாவது ஆசிரியர் உபரி. இப்போது ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு பேர். அதில் ஒருவர் தலைமை ஆசிரியர். எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்றுவது, கூட்டங்களுக்குப் போவது, சத்துணவுக் கணக்கு எல்லாம் அவருக்குத்தான். அவர் கூட்டத்துக்குப் போன நாளில், ஐந்து வகுப்புகளும் ஒரே ஆசிரியரிடம்.

அதைப் பார்க்கும் மற்ற பெற்றோர், ‘அங்கே அஞ்சு கிளாஸுக்கு ரெண்டு டீச்சர்தான்’ என்று பேசத் தொடங்குகிறார்கள். அடுத்த ஜூனில் இன்னும் நான்கு குழந்தைகள் குறைவார்கள். சிறிய பள்ளி இப்படித்தான் ஈராசிரியர் பள்ளியாகி, கடைசியில் பூட்டு விழும் நிலைக்கு வருகிறது. இந்தச் சரிவில் கற்பித்தலில் குறை இருந்தாக வேண்டிய அவசியமே இல்லை; எண்ணிக்கையே வேலையை முடித்துவிடும்.

பிறப்பு விகிதமும் இதற்கு வேகம் கூட்டுகிறது. தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். மக்கள்தொகை குறையாமல் இருக்கத் தேவையான அளவு 2.1. ஊரில் குழந்தைகளே குறையும்போது, இருக்கும் சிலரில் பாதிப்பேர் வேனில் போனால் மிச்சம் எத்தனை இருக்கும்?

அரசே கட்டும் தனியார் கட்டணம்

கல்வி உரிமைச் சட்டத்தின் இன்னொரு பிரிவு, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் சுயநிதிப் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவிகித இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளுக்குத் தர வேண்டும் என்கிறது. தமிழகத்தில் நலிந்த பிரிவுக்கான ஆண்டு வருமான வரம்பு 2 லட்சம் ரூபாய். கட்டணத்தை அரசு பள்ளிக்குத் தருகிறது. நுழைவு வகுப்பு என்பது பெரும்பாலும் எல்.கே.ஜி.

ஓர் ஏழைக் குடும்பத்துக்கு இது பெரிய வாய்ப்பு. அதைப் பயன்படுத்திக்கொள்ளும் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. அதே சமயம், அரசுப் பள்ளியில் சேர்ந்திருக்க வேண்டிய குழந்தையை அரசுப் பணத்திலேயே தனியார் பள்ளிக்கு அனுப்புகிறோம் என்ற விமர்சனம் கல்வியாளர்களிடம் நீண்டகாலமாக இருக்கிறது. 2025-26 கல்வியாண்டில், 2,152 கோடி ரூபாய் சமக்ர சிக்‌ஷா நிதியை மத்திய அரசு நிறுத்திவைத்த விவகாரத்தால் இந்தச் சேர்க்கையே அக்டோபர் வரை தள்ளிப்போனது. ஜூனில் எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் தவித்தவை ஏழைக் குடும்பங்கள்தாம்.

அண்ணனுக்கு வேன், தங்கைக்கு நடை

கிராமப்புறக் குழந்தைகளின் கல்வி நிலையை ஆராயும் ‘அசர்’ அறிக்கை, நாடு முழுக்க 6 முதல் 14 வயதுள்ளவர்களில் அரசுப் பள்ளியில் படிப்போர் 2018-ல் 65.6 சதவிகிதமாக இருந்ததாகச் சொல்கிறது. கொரோனாவுக்குப் பின், 2022-ல் அது 72.9 ஆனது. 2024-ல் மீண்டும் 66.8. தமிழகக் கிராமங்களிலும் இதே ஏற்ற இறக்கம் தெரிந்தது. வருமானம் போனபோது அரசுப் பள்ளிக்கு வந்தவர்களில் பலர், கையில் காசு வந்ததும் திரும்பிவிட்டார்கள் என்பதே இதன் பொருள். வந்தவர்களைத் தக்கவைக்கும் வாய்ப்பு ஒருமுறை கைக்கு வந்து போய்விட்டது.

அதே ஆய்வுகள் தொடர்ந்து காட்டும் இன்னொரு விஷயம், அரசுப் பள்ளிகளில் ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளின் விகிதம் அதிகம் என்பது. ஒரே ஒருவருக்குத்தான் கட்டணம் கட்ட முடியும் என்ற நிலையில், பல வீடுகளில் வேனில் ஏறுவது பையன். நடந்து போவது பெண். அதனால், ஒரு சிற்றூரின் தொடக்கப் பள்ளி பலவீனமாகும்போது முதலில் பாதிக்கப்படுவது பெண் குழந்தைகளும், கட்டணமே கட்ட முடியாத வீட்டுக் குழந்தைகளும்தான். பள்ளி மூடப்பட்டால் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு நடக்க வேண்டியவர்களும் அவர்களே.

சோறு போட்ட பாதை

ஆரம்ப வயதில் கைகொடுத்தால் குழந்தைகள் வருவார்கள் என்பதைத் தமிழகம் பலமுறை பார்த்திருக்கிறது. காமராஜர் ஆட்சியில், 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கிய இடம் எட்டயபுரம் என்ற சிற்றூர். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர் தொடங்கிய சத்துணவுத் திட்டம், கிராமங்களில் பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அந்த வரிசையில் வருகிறது. 2023 ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையில் விரிவாக்கப்பட்டபோது, 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. விடிகாலையிலேயே நூறு நாள் வேலைக்கோ, களை எடுக்கவோ கிளம்பும் அம்மாவுக்கு, பள்ளியில் சூடாக உப்புமாவோ பொங்கலோ கிடைக்கும் என்பது பெரிய நிம்மதி. 6-ம் வகுப்புக்குக் கீழே, ஐந்து வயதுக் குழந்தையின் வீட்டை நேரடியாகத் தொடும் அண்மைக்காலத் திட்டம் இது. ஆனால், இதுவும் ஒன்றாம் வகுப்பில்தான் ஆரம்பிக்கிறது. அதற்குள் வேன் போய்விடுகிறது.

தேர்ச்சி வேறு, வாசிப்பு வேறு

பெற்றோரின் சந்தேகத்தை வெறும் ‘இங்கிலீஷ் மோகம்’ என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஆங்கில வழிப் பிரிவுகள் 2012-13 முதலே அரசுப் பள்ளிகளில் பரவலாகத் தொடங்கப்பட்டுவிட்டன. அவர்கள் கேட்பது, ‘என் பிள்ளை வாசிக்குமா?’ என்பதைத்தான்.

கொரோனா விடுமுறைக்குப் பிந்தைய 2022 ‘அசர்’ ஆய்வில், தமிழகக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் 4.8 சதவிகிதத்தினரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. இது அரசு, தனியார் இரண்டும் சேர்ந்த கணக்கு. வேனில் போன குழந்தையும் இதில் அடக்கம். 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் இந்த இழப்பைச் சரிசெய்வதற்காகவே வந்தது. முதலில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை. பிறகு 4, 5-க்கும். 2024 ஆய்வில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது.

பத்தாம் வகுப்பு சதவிகிதத்தை ஃபிளெக்ஸ் அடித்துப் பள்ளி வாசலில் வைக்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் தடுமாறாமல் வாசிக்கிறார்கள் என்பதை யாரும் வைப்பதில்லை. மூன்றரை வயதுக் குழந்தையின் பெற்றோருக்கு உதவக்கூடிய தகவல் இரண்டாவதுதான்.

எந்தப் பள்ளி? சேர்க்கும் முன் கவனிக்க வேண்டியவை

* அரசுப் பள்ளிகளில் சேர்க்கை அண்மைக் காலமாக மார்ச் 1 முதலே தொடங்குகிறது. ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊர் நடுநிலைப் பள்ளி வளாகத்தில் எல்.கே.ஜி இருக்கிறதா என்று கேளுங்கள்.

* எந்தப் பள்ளியாக இருந்தாலும், மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் கையில் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். கட்டடத்தையும் டையையும்விட அது சரியாகச் சொல்லிவிடும்.

* தனியார் பள்ளி என்றால், கட்டணத்துடன் வேன், புத்தகம், யூனிஃபார்ம், டியூஷன் ஆகியவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

* கல்லூரியில் கிடைக்கும் சலுகைகளில் பெரும்பாலானவை 6-ம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே. இடையில் ஓராண்டு மாறினாலும் தகுதி போய்விடலாம்.

* பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள் என்பது சட்டம். கூட்டத்துக்குப் போங்கள். ஆசிரியர் பற்றாக்குறை, கழிப்பறை, குடிநீர் பற்றித் தீர்மானம் போடும் உரிமை அந்தக் குழுவுக்கு உண்டு.

ஊர் சீர் கொண்டுவரும்போது...

பல கிராமங்களில் ‘கல்விச் சீர்’ என்றொரு வழக்கம் பரவியிருக்கிறது. பெண் வீட்டுக்குச் சீர் கொண்டு போவதைப்போல, ஊர் மக்கள் தாம்பூலத் தட்டோடு பீரோ, நாற்காலி, மின்விசிறி, நோட்டுப் புத்தகம் என்று சுமந்து மேளதாளத்துடன் பள்ளிக்கு வருவார்கள். 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம், முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் உதவ வழி செய்தது. நல்ல விஷயங்கள். ஆனால், பீரோவும் மின்விசிறியும் வந்த பள்ளிக்கு மூன்றரை வயதுக் குழந்தை வர முடியாது என்றால், ஐந்து வருடம் கழித்து அந்த மின்விசிறியின் கீழே உட்கார ஆள் இருக்காது.

எல்லாத் தொடக்கப் பள்ளியிலும் முறையான ஆசிரியருடன் எல்.கே.ஜி, அந்தக் குழந்தைகளுக்கும் காலை உணவு, அறுபது பேருக்குக் குறைந்தாலும் மூன்று ஆசிரியர்கள். சிற்றூர் அரசுப் பள்ளிகளுக்கு இந்த மூன்றும் கிடைத்தால், ஆசிரியர்கள் ஜூன் மாதம் மைக் கட்டிக்கொண்டு அலைய வேண்டியிருக்காது. இதைக் கேட்க கிராம சபை இருக்கிறது. பேரூராட்சி என்றால் வார்டு கவுன்சிலர் இருக்கிறார். பள்ளி மேலாண்மைக் குழு எல்லா ஊரிலும் இருக்கிறது. அடுத்த மார்ச் 1-க்கு முன்பு கேட்டால், இந்த வருடத்து மூன்றரை வயதுக்காரர்களுக்காவது பயன்படும்.